கிட்னி மாத்தின பிறகும் பழைய வியாதி திரும்பி வரலாம், அதையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல கிட்னி தானம் பத்தி வர்ற செய்தி எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிக்கிறவ நான். அம்மா பையனுக்கு கொடுத்தாங்க, மனைவி கணவருக்கு கொடுத்தாங்க, மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட உறுப்புகள் இத்தனை பேருக்கு போய் சேர்ந்துச்சுன்னு வர்ற செய்திகளை படிச்சுத்தான் நிறைய பேருக்கு நாமளும் கொடுக்கலாமேங்கற எண்ணமே வருது, அதனால அதையெல்லாம் நான் குறை சொல்ல வரல. ஆனா எல்லா செய்தியும் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, நோயாளி வீட்டுக்கு போயிட்டார், மறுவாழ்வு கிடைச்சிருச்சுங்கற இடத்தோட நின்னுடுது. மிஞ்சிப்போனா உடம்பு புது கிட்னியை ஏத்துக்காம போகலாம், அதுக்கு மாத்திரை சாப்பிடணும்னு ரிஜெக்‌ஷன் பத்தி ஒரு வரி இருக்கும். முதல்ல கிட்னியை கெடுத்த அதே வியாதி புது கிட்னியையும் தேடி வரலாம்ங்கறதை உங்க பேப்பர்ல நான் படிச்சதா ஞாபகம் இல்ல. அதை பத்திதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு, முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நான் என் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்தவ. அவனுக்கு இருந்த வியாதிக்கு எஃப்எஸ்ஜிஎஸ்னு பேரு, கிட்னியில ரத்தத்தை வடிகட்டுற குட்டி குட்டி ரத்தக்குழாய் முடிச்சுகள்ல தழும்பு விழுந்து புரோட்டீன் எல்லாம் யூரின்ல போயிடற வியாதி. என் கிட்னியை வச்ச சில நாள்லயே அவனுக்கு மறுபடியும் யூரின்ல புரோட்டீன் போக ஆரம்பிச்சிருச்சு. உடனே சொந்தக்காரங்க மத்தியில ரெண்டு பேச்சு கிளம்புச்சு. அக்கா கொடுத்த கிட்னியிலயே ஏதோ கோளாறு இருந்திருக்கும்னு ஒண்ணு, அவன் மாத்திரையை ஒழுங்கா போட்டிருக்க மாட்டான்னு இன்னொண்ணு. ரெண்டும் உண்மை இல்லன்னு டாக்டர் சொல்லியும் அந்த பேச்சு அடங்கல. படுத்த படுக்கையா இருக்கற ஒருத்தன் காதுல இதெல்லாம் விழுந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க. இப்படி பேசறவங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு யாரும் எதையும் விளக்கி சொல்லல, அவ்வளவுதான்.

இது புதுசா வந்த பிரச்னையும் இல்ல. உலகத்துலயே முதல் வெற்றிகரமான கிட்னி டிரான்ஸ்பிளான்ட் 1954 டிசம்பர் 23ஆம் தேதி அமெரிக்காவுல பாஸ்டன்ல நடந்துச்சு, பண்ணினவர் ஜோசப் மர்ரே, அதுக்கு அவருக்கு 1990ல நோபல் பரிசும் கொடுத்தாங்க. ரொனால்டு ஹெரிக்னு ஒருத்தர் தன்னோட கூடப்பிறந்த ரிச்சர்டுக்கு கிட்னி கொடுத்தார், ரெண்டு பேரும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கற இரட்டையர்கள். அதனால ரிச்சர்டோட உடம்பு அந்த கிட்னியை வேத்தாள் கிட்னியா பாக்கவே இல்ல, ரிஜெக்‌ஷனுக்கு மருந்தே தேவைப்படல. அவர் பிழைச்சு எழுந்து, தன்னை பாத்துக்கிட்ட நர்ஸையே கல்யாணம் பண்ணி, ரெண்டு குழந்தைக்கு அப்பாவாகி, எட்டு வருஷம் நல்லா வாழ்ந்தார். ஆனா அவரோட சொந்த கிட்னியை கெடுத்த அதே வியாதி ரொனால்டு கொடுத்த கிட்னிக்கும் வந்துச்சு, 1963ல இறந்துட்டார். அதுக்கப்புறம் இரட்டையர்களுக்குள்ள நடந்த டிரான்ஸ்பிளான்ட்லயும் நிறைய பேருக்கு இதே கதைதான். ரிஜெக்‌ஷன் இல்ல, மாத்திரை விட்டதும் இல்ல, ஏன்னா விடறதுக்கு மாத்திரையே கிடையாது, கொடுத்தவரும் ஆரோக்கியமா இருந்தார். அப்படி இருந்தும் வந்துச்சுன்னா வியாதி கிட்னிக்கு வெளியில எங்கேயோ இருக்குன்னுதானே அர்த்தம். ஆரம்ப காலத்துலயே டாக்டர்களுக்கு இது தெரிஞ்சிருச்சு, பொதுஜனங்களுக்கு மட்டும் இன்னும் வந்து சேரல.

எஃப்எஸ்ஜிஎஸ் மறுபடி வருதுன்னு 1972லயே மருத்துவ பத்திரிகையில எழுதியிருக்காங்க. பல பேருக்கு அந்த வியாதியோட மூலம் ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கற ஏதோ ஒரு பொருள், அது கிட்னி வடிகட்டியில இருக்கற செல்களை தாக்குது. நெஃப்ரின்னு ஒரு புரோட்டீன் அந்த வடிகட்டியில இருக்கு, அதுக்கு எதிரா உடம்பே உண்டாக்குற ஆன்டிபாடி சில நோயாளிகளோட ரத்தத்துல இருக்கறதை சமீபத்துலதான் கண்டுபிடிச்சிருக்காங்க. ரத்தத்துல அந்த பொருள் இருக்கற வரைக்கும் எந்த கிட்னியை கொண்டு வந்து வச்சாலும் அதையும் தாக்கும். வச்ச சில மணி நேரத்துலயே கூட தாக்கலாம்.

இதுல என் மனசுக்கு ரொம்ப ஆறுதல் கொடுத்த விஷயம் ஒண்ணு இருக்கு, கிட்னி கொடுத்தவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு எழுதறேன். சிகாகோவுல ஒரு இளைஞருக்கு அவரோட தங்கச்சி கிட்னி கொடுத்தாங்க, அவருக்கும் எஃப்எஸ்ஜிஎஸ்தான், கிட்னி வச்ச உடனே வியாதி திரும்பிருச்சு, என்ன வைத்தியம் பண்ணியும் நிக்கல. கடைசியில ரெண்டு வாரம் கழிச்சு அந்த கிட்னியை எடுத்து, அவரோட சம்மதத்தோடயும் தங்கச்சியோட சம்மதத்தோடயும், சர்க்கரை வியாதியால கிட்னி போன 66 வயசு பெரியவர் ஒருத்தருக்கு வச்சாங்க. அங்க போனதும் அதே கிட்னி நல்லா வேலை செஞ்சுச்சு, புரோட்டீன் போறது குறைஞ்சு போச்சு, கிட்னியில விழுந்திருந்த பாதிப்பு கூட மாறிடுச்சு. 2012ல இது மருத்துவ பத்திரிகையில வந்துச்சு. ஒரு ஆள் உடம்புல கெட்டுப்போன கிட்னி இன்னொரு ஆள் உடம்புல சரியாகுதுன்னா கிட்னி மேல என்ன தப்பு, கொடுத்த தங்கச்சி மேல என்ன தப்பு? எங்க சொந்தத்துல பேசறவங்களுக்கு இதைத்தான் நான் இப்பல்லாம் திரும்ப திரும்ப சொல்றேன்.

எல்லா வியாதியும் ஒரே மாதிரி திரும்பாது, இதை பிரிச்சு தெரிஞ்சுக்கறதுதான் முக்கியம். கிட்னி போச்சுன்னா எல்லாருக்கும் ஒரே காரணம் மாதிரி பேசறோம், டயாலிசிஸ் பண்றார்னு சொல்றதோட நிறுத்திடறோம். பரம்பரையா வர்ற பாலிசிஸ்டிக் கிட்னி, அதாவது கிட்னி முழுக்க நீர்க்கட்டி வர்ற வியாதி, அது புது கிட்னிக்கு வராது, ஏன்னா கோளாறு பழைய கிட்னியோட மரபணுவுல இருக்கு. எஃப்எஸ்ஜிஎஸ்லயே மரபணு கோளாறால வந்த வகை திரும்பறது ரொம்ப குறைவு, மரபணு காரணம் இல்லாத வகை ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு திரும்புது, அப்படி திரும்பி ஒரு கிட்னி போயிட்டா ரெண்டாவது தடவை வைக்கிற கிட்னிக்கும் வர்ற வாய்ப்பு 80 சதவீதம் வரைக்கும் போகும்னு சொல்றாங்க. ஐஜிஏ நெஃப்ரோபதி, அதாவது ஐஜிஏங்கற ஆன்டிபாடி கிட்னி வடிகட்டியில படிஞ்சு கெடுக்கற வியாதி, நிறைய பேருக்கு திரும்பும், ஆனா மெதுவா வரும், பயாப்ஸி, அதாவது கிட்னியில ஊசியால துளி சதை எடுத்து சோதிக்கறது, அதுல பாத்தாத்தான் தெரியற அளவுல பல வருஷம் அமைதியா கிடக்கும், பத்து வருஷம் தாண்டித்தான் சிலருக்கு தொந்தரவே கொடுக்கும். உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற லூபஸ் திரும்பினாலும் பெரிய பாதிப்பு கொடுக்கறது கொஞ்ச பேருக்குத்தான். சர்க்கரையால கிட்னி போனவங்களுக்கு சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லன்னா அதே பாதிப்பு வருஷக்கணக்குல புது கிட்னியிலயும் வரும், போதாததுக்கு ரிஜெக்‌ஷன் வராம இருக்க கொடுக்கற டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு மாதிரி மருந்துகளே சர்க்கரையை ஏத்திவிடும், முன்னாடி சர்க்கரை இல்லாதவங்களுக்கு கூட புதுசா வரவைக்கும்.

அப்புறம் பிரைமரி ஹைப்பராக்ஸலூரியான்னு ஒரு வியாதி, அபூர்வமானது, ஆனா சொல்லியே ஆகணும். அதுல கிட்னி மேல ஒரு தப்பும் கிடையாது, லிவர்தான் ஆக்ஸலேட்ங்கற கழிவுப்பொருளை அளவுக்கு மீறி உண்டாக்கி அனுப்புது, அது கிட்னியில படிகமா படிஞ்சு அடைச்சிடுது. இது தெரியாம கிட்னியை மட்டும் மாத்தினா புது கிட்னியும் அதே மாதிரி அடைச்சு போயிடும். அதனால லிவரையும் சேர்த்து மாத்துறதுதான் ரொம்ப காலமா வழியா இருந்துச்சு, 2020ல லூமாசிரான்னு ஒரு ஊசி மருந்துக்கு அனுமதி கிடைச்ச பிறகு சிலருக்கு வேற வழியும் திறந்திருக்கு. அடிக்கடி கல்லு வந்து கிட்னி போச்சுன்னு மட்டும் எழுதி வச்சிருக்கற ஒருத்தருக்கு உள்ள இந்த வியாதி ஒளிஞ்சிருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி கண்டுபிடிக்கறதுக்கும் பின்னாடி கண்டுபிடிக்கறதுக்கும் ஒரு கிட்னி வித்தியாசம், யாரோ ஒருத்தர் உடம்பை அறுத்து கொடுத்த கிட்னி.

ஏஹெச்யூஎஸ்னு இன்னொரு வியாதி, ரத்தத்துல இருக்கற காம்ப்ளிமென்ட்ங்கற பாதுகாப்பு அமைப்பு கட்டுக்கடங்காம போய் ரத்தக்குழாய்களை கெடுக்கறது. அதுல சில மரபணு வகை இருக்கறவங்களுக்கு திரும்பி வர்றது அவ்வளவு சர்வசாதாரணமா இருந்ததால ஒரு காலத்துல டிரான்ஸ்பிளான்ட்டே வேணாம்னு டாக்டர்கள் தயங்கினாங்க. 2011ல காம்ப்ளிமென்ட்டை அடக்கற எக்குலிசுமாப் மருந்துக்கு இந்த வியாதிக்காக அனுமதி கிடைச்சது, அதுக்கப்புறம் அந்த மருந்தோட சேர்த்து டிரான்ஸ்பிளான்ட் பண்ண முடியுது. விலை ரொம்ப ரொம்ப அதிகம், அது தனி வேதனை. இதுலயும் சொந்தத்துல யாராவது கொடுக்கறதா இருந்தா அவங்களுக்கும் அந்த மரபணு இருக்கான்னு பாக்காம எடுக்கக்கூடாது, இல்லன்னா கொடுத்தவரும் நோயாளியா ஆயிடற அபாயம் இருக்கு.

இவ்வளவும் படிச்சிட்டு யாராவது அப்போ டிரான்ஸ்பிளான்ட்டே வேணாம்னு முடிவு பண்ணிட்டா நான் எழுதினதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும், அதனால இதை அழுத்தி சொல்றேன். ஆஸ்திரேலியாவுல கிட்னி அழற்சி வியாதின்னு பயாப்ஸியில உறுதியான 1505 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2002ல வெளியிட்டாங்க. அதுல பத்து வருஷத்துக்குள்ள வியாதி திரும்பினதால கிட்னியை இழந்தவங்க 8.4 சதவீதம். அதாவது திரும்பி வரக்கூடிய வியாதி உள்ளவங்களை மட்டும் எடுத்து பாத்தாலே நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு மேல இந்த காரணத்தால கிட்னியை இழக்கல. ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் சொல்லியிருக்காங்க, கிட்னி போறதுக்கான காரணங்கள்ல நாள்பட்ட ரிஜெக்‌ஷன், கிட்னி நல்லா இருக்கும்போதே வேற காரணத்தால வர்ற மரணம், இதுக்கு அடுத்து மூணாவது இடத்துல இருக்கறது வியாதி திரும்பறதுதான். மூணாவது இடத்துல இருக்கற ஒண்ணை பத்தி ஒரு வரி கூட எழுதாம விடலாமா? டயாலிசிஸ்ல கிடந்து அல்லாடறதை விட டிரான்ஸ்பிளான்ட் நல்லதுங்கறதுல எனக்கு துளியும் சந்தேகம் இல்ல, தம்பிக்கு மறுபடி கொடுக்கற நிலைமை வந்தா என்கிட்ட இன்னொண்ணு இல்லையேங்கற கவலைதான் எனக்கு இருக்கு, கொடுத்ததுக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. தெரிஞ்சுக்கிட்டு போறது வேற, தெரியாம போய் இடி விழுந்த மாதிரி நிக்கிறது வேற.

தெரிஞ்சுக்கிட்டா என்ன பிரயோஜனம்னு கேக்கறவங்களுக்கு: நிறைய இருக்கு. முதல்ல காரணம் என்னன்னு பிடிக்கணும். இங்கதான் பெரிய சிக்கல், நிறைய பேர் டாக்டர்கிட்ட வந்து சேரும்போதே கிட்னி ரெண்டும் சுருங்கி போயிருக்கும், அப்போ பயாப்ஸி எடுக்கறதும் கஷ்டம், எடுத்தாலும் வெறும் தழும்புதான் தெரியும், காரணம் தெரியாது. ஃபைல்ல காரணம் தெரியலன்னு எழுதிடுவாங்க, இல்லன்னா பிரஷர்னு எழுதிடுவாங்க, பிரஷர் கிட்னி கெட்டதால வந்ததாவும் இருக்கலாம். அதனால பழைய பேப்பர் எதையும் தூக்கி போடாதீங்க. சின்ன வயசுல கண்ணு முகம் வீங்குச்சா, யூரின் டெஸ்ட்ல அப்பவே புரோட்டீனோ ரத்தமோ இருந்துச்சா, எப்பவாவது பயாப்ஸி எடுத்தாங்களா, ஸ்டீராய்டு கொடுத்தப்போ கேட்டுச்சா கேக்கலையா, குடும்பத்துல வேற யாருக்காவது கிட்னி பிரச்னை இருந்துச்சா, இதெல்லாம் டிரான்ஸ்பிளான்ட் டாக்டருக்கு தங்கம் மாதிரி தகவல். சின்ன வயசுலயே கிட்னி போனவங்களுக்கு மரபணு டெஸ்ட் தேவையான்னு கேளுங்க. மெம்பரனஸ் நெஃப்ரோபதின்னா, அதாவது ஆன்டிபாடி வடிகட்டியை தாக்கி புரோட்டீன் போக வைக்கிற இன்னொரு வியாதின்னா, பிஎல்ஏ2ஆர்ங்கற வடிகட்டி புரோட்டீனுக்கு எதிரான ஆன்டிபாடியை பாக்கற ரத்த டெஸ்ட் இருக்கு, 2009ல கண்டுபிடிச்சது, அந்த ஆன்டிபாடி ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தத்துல அதிகமா இருந்தா திரும்பற வாய்ப்பும் அதிகம்னு முன்கூட்டியே எச்சரிக்கையா இருக்கலாம். சில வியாதிகளுக்கு அது அடங்கி ஆன்டிபாடி மறையற வரைக்கும் காத்திருந்துதான் ஆபரேஷனே பண்ணுவாங்க, அப்போ டாக்டர் தேதியை தள்ளி போட்டா கோபப்படாதீங்க.

அடுத்தது யூரின் டெஸ்ட். நம்ம ஆளுங்க கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்துல எவ்வளவுன்னு மட்டும்தான் பாப்பாங்க, போன்ல கூட முதல் கேள்வி அதுதான், கிரியாட்டினின் நார்மலா இருந்தா நிம்மதி ஆயிடுவாங்க. ஆனா வியாதி திரும்பும்போது முதல்ல காட்டிக் கொடுக்கறது பெரும்பாலும் யூரின்ல போற புரோட்டீன், கிரியாட்டினின் ஏறறது அதுக்கப்புறம்தான், ஏறும்போது பாதி கெட்டு போயிருக்கும். கேடிஐஜிஓன்னு கிட்னி டாக்டர்களுக்கு உலக அளவுல வழிகாட்டுற அமைப்பு இருக்கு, அவங்க 2009ல கொடுத்த வழிகாட்டுதல்படி எஃப்எஸ்ஜிஎஸ்ஸால கிட்னி போனவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச முதல் வாரம் தினமும், அடுத்து நாலு வாரத்துக்கு வாரம் ஒரு தடவை, அப்புறம் முதல் வருஷம் முழுக்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம் யூரின்ல புரோட்டீன் பாக்கணும். இது ரொம்ப மலிவான டெஸ்ட். யூரின் நுரைச்சுக்கிட்டு போனாலோ, காலையில கண்ணை சுத்தி வீங்கினாலோ, கால் வீங்கினாலோ, பிரஷர் திடீர்னு ஏறினாலோ அடுத்த செக்கப் தேதி வரட்டும்னு காத்திருக்க வேணாம்.

புரோட்டீன் வந்தாலே வியாதி திரும்பிருச்சுன்னு அர்த்தம் இல்லங்கறதையும் சொல்லணும். ரிஜெக்‌ஷனா இருக்கலாம், பழைய கிட்னி உள்ளேயே இருக்கறதால முதல் சில வாரம் அதுல இருந்து கொஞ்சம் வரலாம், வேற காரணமும் இருக்கலாம். கிரியாட்டினின் ஏறறதுக்கும் அப்படித்தான், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களோட கிட்னியை தாக்குற பிகே வைரஸ், டாக்ரோலிமஸ் அளவு கூடறது, உடம்புல தண்ணி குறையறதுன்னு பல காரணம். பிரிச்சு பாக்க பயாப்ஸிதான் வழி. பயாப்ஸின்னதும் வச்ச கிட்னியில போய் குத்தறாங்களேன்னு வீட்டுல எல்லாரும் பயந்து வேணாம்னு சொல்லிடறாங்க. வச்ச கிட்னி அடிவயித்துல தோலுக்கு பக்கத்துலதான் இருக்கு, ஸ்கேன் பாத்துக்கிட்டே எடுப்பாங்க. எஃப்எஸ்ஜிஎஸ் ஆரம்ப கட்டத்துல சாதாரண மைக்ராஸ்கோப்ல எல்லாம் நார்மல் மாதிரியே தெரியும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் வடிகட்டி செல்கள்ல பாதம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற பாகம் எல்லாம் தட்டையாகி கிடக்கறது தெரியும், அந்த வசதி இருக்கற லேபுக்கு சாம்பிள் போகுதான்னு நீங்களே கேக்கலாம், கேக்கறதுல தப்பில்ல.

வைத்தியம் இருக்கு. எஃப்எஸ்ஜிஎஸ் திரும்பினா பிளாஸ்மாபெரிசிஸ் பண்ணுவாங்க, டயாலிசிஸ் மாதிரியே மிஷின்ல ரத்தத்தை விட்டு அதுல இருக்கற பிளாஸ்மாவை மட்டும் எடுத்துட்டு வேற திரவம் கொடுக்கறது. கூடவே ஆன்டிபாடி உண்டாகறதை குறைக்கற ரிட்டுக்ஸிமாப் ஊசியும் சிலருக்கு கொடுப்பாங்க. எல்லாருக்கும் கேக்காது, கேக்கறவங்களும் கணிசமா இருக்காங்க, சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் கிடைக்க வாய்ப்பு கூடுது. என் தம்பிக்கு புரோட்டீன் முழுசா நிக்கல, ஆனா நல்லாவே குறைஞ்சிருக்கு, கிட்னி ஓடிக்கிட்டு இருக்கு, டயாலிசிஸ்க்கு போகல. அவனுக்கு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிஞ்சதுக்கு காரணம் எங்க டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடியே எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்காரவச்சு இது திரும்பலாம், திரும்பினா இப்படி இப்படி பண்ணுவோம், அப்படி இருந்தும் கொடுக்கறீங்களான்னு கேட்டதுதான். நான் யோசிச்சுத்தான் சரின்னேன். எங்களோட டயாலிசிஸ் வார்டுல இருந்த இன்னொரு குடும்பத்துக்கு யாரும் இதை சொல்லல, வேற ஆஸ்பத்திரியில பண்ணிக்கிட்டவங்க, வியாதி திரும்பினதும் அந்த அம்மா என் கிட்னி வீணா போச்சு வீணா போச்சுன்னு அழுததை கேக்க முடியல. அவங்களுக்கும் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா துக்கம் இருந்திருக்கும், ஏமாந்துட்டோம்ங்கற நினைப்பாவது இருந்திருக்காது.

ஸ்டீராய்டு முகத்தை ஊத வைக்குதுன்னு தானா நிறுத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரிஜெக்‌ஷனுக்கு மட்டும் இல்ல, ஐஜிஏ மாதிரி வியாதி திரும்பறதுக்கும் ஸ்டீராய்டை நிறுத்தறதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, குறைக்கறதோ நிறுத்தறதோ டாக்டர் பாத்து செய்யட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். கிட்னி டிரான்ஸ்பிளான்ட் செய்தி போடும்போது நிருபர் அந்த டாக்டர்கிட்ட நோயாளிக்கு எதனால கிட்னி போச்சு, அது திரும்ப வரக்கூடியதான்னு ஒரே ஒரு கேள்வி கூடுதலா கேக்கட்டும், நோயாளி சம்மதிச்சா பதிலை ஒரு வரியா சேர்த்து போடுங்க. இன்னொண்ணு, மருத்துவ பக்கத்துல ஒரு கிட்னி டாக்டரை வச்சு இதை பத்தி மட்டும் கேள்வி பதில் வெளியிடுங்க. டிரான்ஸ்பிளான்ட்டுக்கு காத்திருக்கறவங்க என்கிட்ட கேக்கற கேள்விகளை எல்லாம் நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், வேணும்னா அனுப்பி வைக்கிறேன், அதுல பாதிக்கு மேல கிட்னி கொடுக்க போறவங்க கேட்டதுதான், அதனால அவங்களுக்கும் அந்த பக்கத்துல இடம் ஒதுக்குங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி